போத்தல் கொண்டுபோனவன்

மகன்,

அந்தச் சாய ஆலையிலிருந்து வெளியே வருகிற தண்ணீர் சுத்தமானது என்று நீ கையெழுத்துப் போடப்போகிற அறிக்கை பொய். அந்தப் பொய்யைப் பத்து வருஷம் போத்தலில் அடைத்து, மூடிக்கு டேப் ஒட்டி, திகனையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கொழும்பிலிருந்து போன் எடுத்தாய். குரலே சிரித்தது. "அப்பா, பழைய பைல் முழுக்க உங்க கையெழுத்து! மாதிரி கொண்டுவந்தவர்னு ஒவ்வொரு தாள்லயும் நீங்கதான். ஒரு தடவைகூடத் தவறல. இந்த மாதிரி ஒரு ரெக்கோட் இந்த நாட்டுல வேற எந்தச் சாய ஆலைக்கும் இல்லன்னு எங்க டிரெக்டரே சொல்றாரு" என்றாய். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்த ஆலையை வாங்கப் பார்க்கிறது, வாங்குவதற்கு முன் தண்ணீர், காற்று, மண் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று எழுதிக் கொடுப்பது உன் வேலை, ரெக்கோட் நன்றாக இருந்தால் விலையும் கூடும், பாங்கும் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும் என்று எனக்கு விளக்கினாய். நான் உண்மையைச் சொன்னேன். நீ கேட்டாய்: "இத வேற யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா அப்பா?" தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரில் இன்றைக்கும் குளிக்கிற உன் பெரியம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் அறை முகவரிக்கு அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். யாரிடமாவது சொன்னேனா என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். ஆலையின் பேரையும் உன் கம்பெனியின் பேரையும் எழுதவில்லை. அந்த அளவுக்கு நான் இன்னும் உன் அப்பன்தான்.

உனக்குத் தெரியாத இடத்திலிருந்து தொடங்குகிறேன். எண்பத்து மூன்றில், அந்தக் கலவர வருஷத்தில், நான் கண்டி டவுனில் ஒரு பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவனாக இருந்தேன். ஒரு சுவரின் சுரண்டலைக் கொண்டுவந்தால் அதே நிறத்தைக் கலந்து கொடுப்பேன். அந்த ஆடி மாதம் தமிழர் கடைகளைத் தேடிக் கூட்டம் வந்தபோது அவர்கள் பெட்ரோல் கொண்டுவரத் தேவைப்படவில்லை. எங்கள் கடையிலேயே தின்னர் இருந்தது. நான் அடுக்கி வைத்த போத்தல்களை நான் அடுக்கிய வரிசையிலேயே எடுத்து உடைத்துக் கொளுத்தினார்கள். பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து உயிரோடு வந்தேன். அதற்குப் பிறகு கையில் போத்தலோடு தெருவில் நடப்பது எனக்கு ஆகாத காரியம். மண்ணெண்ணெய் வாங்கவும் உன் அம்மாதான் போவாள். நான் சோம்பேறி என்று நீ நினைத்திருப்பாய்.

ஆலை வேலைக்கு நேர்முகம் போனபோது மெனேஜர் கேட்டார், முன்பு எங்கே வேலை என்று. சொன்னேன். அந்தக் கடை இப்போது எங்கே என்றார். எரித்துவிட்டார்கள் சேர் என்றேன். எப்படி எரித்தார்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன், போத்தல் உட்பட. அவர் அனுதாபமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பற்றி இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மகன், உன் பயம் எது என்பதை உனக்குச் சம்பளம் கொடுப்பவனிடம் சொல்லாதே. நான் சொன்னேன். அதை அவர் மறக்கவில்லை.

முதலில் சில வருஷம் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. கறுப்புச் சாயம் போடுகிற நாளில் ஓடை கறுப்பாகப் போகும், சிவப்புப் போடுகிற நாளில் சிவப்பாகப் போகும். கீழே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் ஓடையைப் பார்த்து, இன்றைக்கு வெள்ளைக்காரிக்கு என்ன நிறத்தில் சட்டை என்று சொல்லிவிடுவார்கள். பிறகு ஒருநாள் மெனேஜர் எங்களையெல்லாம் கூட்டி வைத்துப் பேசினார். "வெள்ளைக்காரன் இனிச் சட்டையை மட்டும் பார்க்க மாட்டான். சட்டை தோய்ச்ச தண்ணியையும் பார்ப்பான். தண்ணி நல்லா இருந்தா ஓடர் வரும், ரெண்டு ஷிப்ட் வரும். இல்லன்னா கேட்டைப் பூட்டிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார். கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். அந்தப் பச்சையைக் கலந்ததும் நான்தான். வழி நெடுக மரக்கன்று நட்டார்கள். பின்பக்கம் பெரிய தொட்டி கட்டி மோட்டர் பூட்டினார்கள். சாயத் தண்ணீர் அதில் நின்று, காற்றடித்து, மருந்து போட்டு, தெளிந்து வெளியே போக வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன்.

மாதம் ஒருமுறை அந்தத் தொட்டியின் வாயிலிருந்து மூன்று போத்தல் தண்ணீர் எடுத்துக் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடு. ஆலை லொறி தினமும் கண்டிக்குப் போகும். சுனில் என்ற சிங்கள டிரைவர், நல்ல மனுஷன், கேட்டிருந்தால் மூன்று போத்தலை இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் மெனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீதான் நிறம் தெரிஞ்ச ஆள். நீயே எடுத்துக்கிட்டுப் போ. பஸ்ல போ, ஒருநாள் லீவு மாதிரி" என்றார். யுத்தம் மும்முரமாக நடந்த காலம். மகாவலிப் பாலத்தடியில் செக்பொயின்ட். கையில் மூன்று போத்தலோடு பஸ்ஸில் போகிற தமிழனாக என்னை ஏன் தெரிந்தெடுத்தார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. வேலை ஒன்றைக் கொடுத்து அதற்கு லீவையும் கொடுத்தால் சந்தேகப்படு, மகன். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் மாதம் உண்மையான தண்ணீரைத்தான் கொண்டுபோனேன். தொட்டி புதிது, மருந்தின் அளவு இன்னும் பிடிபடவில்லை, தண்ணீர் வெளிறிய சிவப்பு. பாலத்தடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பை திறந்தது. சிப்பாய் ஒருவன், உன் இப்போதைய வயதுதான் இருக்கும், போத்தலை வெயிலுக்குப் பிடித்து, "மொகத்த மே?" என்றான், இது என்ன என்று. சாயத் தண்ணீர் சேர், சோதனைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். ஆலை கொடுத்த கடிதத்தைக் காட்டினேன். அடையாள அட்டையைப் பார்த்தான். பேரைப் பார்த்தான். "தண்ணீர்தானே, குடித்துக் காட்டு" என்றான். பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் டேப்பைப் பிரித்து ஒரு மிடறு குடித்தேன். இன்னும் ஒன்று என்றான். குடித்தேன். அவர்கள் சிரித்தார்கள், பஸ்ஸில் சிலரும் சிரித்தார்கள். போகச் சொன்னார்கள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தது. அந்த மாதம் கண்டிக்குப் போகாமலே திரும்பிவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என் வாயைப் பார்த்துவிட்டு, "எப்பயிருந்து வெத்தல போடுறீங்க?" என்றாள். இன்றையிலிருந்துதான் என்றேன். அவளிடம் சொன்ன பொய்களில் அது சின்னது.

நடந்ததை மறுநாள் மெனேஜரிடம் சொன்னேன். இனி லொறியில் அனுப்புங்கள் என்று கேட்டேன். அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு, "அடுத்த தடவை பார்ப்போம்" என்றார். அடுத்த மாதமும் மூன்று போத்தலை என் கையில்தான் கொடுத்தார்.

திகனைச் சந்தியில் ஜெமீல் நானாவின் தேத்தண்ணிக் கடை இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு வடையைத் தாளில் சுற்றிக் கொடுப்பார். கடைக்குப் பின்னால் ஒரு குழாய். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நான் பின்னால் போய் மூன்று போத்தலையும் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டு, கழுவி, குழாயைத் திறந்து நிரப்பினேன். நிறமில்லாத தண்ணீரை எந்தச் சிப்பாய் சந்தேகப்படுவான்? மூடிக்கு ஒட்டுகிற டேப் என் பையிலேயே இருந்தது. அதன்மேல் போடுகிற கையெழுத்தும் என்னுடையது. முத்திரை என்று உன் பைலில் எழுதியிருக்கிறார்களே, அந்த முத்திரை நான்தான். நானா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, சாயத்த ஊத்திட்டு என்ட தண்ணியக் கொண்டு போறீங்க?" என்றார். வழியில் பயமாக இருக்கிறது நானா என்றேன். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவரும் அதே பாலத்தால்தான் சாமான் வாங்கப் போகிறவர். "சரி, சரி, எடுங்க. என்ட குழாயும் கண்டியப் பாத்துட்டு வரட்டும்" என்றார். பிறகு மாதாமாதம் அது அவருக்குப் பகிடியாகிவிட்டது. "இந்த மாசம் பாஸா? அல்லாட காவல், என்ட குழாய் பெயிலாகாது. எனக்கும் ஒரு சர்டிபிகேட் வாங்கித் தாங்களேன், கடையில மாட்டி வெக்க" என்பார். நான் சிரிப்பேன். பத்து வருஷமாக உன் டிரெக்டர் மெச்சுகிற ரெக்கோட், மகன், ஜெமீல் நானாவின் குழாயின் ரெக்கோட்.

சாய ஆலையின் கழிவுநீர் குடிக்கிற தண்ணீர்போல வந்தால் ஆய்வுகூடத்தில் யாராவது புருவத்தை உயர்த்தியிருக்க வேண்டும். யாரும் உயர்த்தவில்லை. வந்துபோன வெள்ளைக்காரர்களில் ஒருவராவது, இது எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கெட்ட முடிவு வந்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நல்ல முடிவு வந்தால் சட்டகம் போட்டு மாட்டுவார்கள். நீ படித்த படிப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. நீ இருப்பது இந்த வியாபாரத்தில்தான்: எல்லோருக்கும் வேண்டிய ஒரு பதிலைத் தாளில் எழுதிக் கொடுக்கிற வியாபாரம்.

இதுவரைக்கும் நான் சொன்னது பயந்தவன் ஒருவனின் கதை. அதற்காக நீ என்மேல் பரிதாபப்பட்டிருக்கலாம். இனிச் சொல்லப்போவதற்கு அது தேவையில்லை.

நாலைந்து மாதம் முடிவுகள் இப்படி வந்ததும் மெனேஜர் மோட்டரை நிறுத்தினார். மருந்து வாங்குவதையும் நிறுத்தினார். தண்ணீர் இவ்வளவு சுத்தமாக வருகிறதே, பிறகு கரண்ட் எதற்கு, மருந்து எதற்கு என்றார். யாரும் மறுத்துப் பேச முடியாத கேள்வி, ஏனென்றால் தாள் அவர் கையில் இருந்தது. அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தவன் நான். தொட்டியில் பாசி பிடித்தது. சாயம் முன்பு போலவே நேராக ஓடைக்குப் போனது. ஒரு வித்தியாசம், இப்போது இரண்டு ஷிப்ட். சுத்தமான ஆலை என்று பேர் வாங்கியதால் ஓடர் கூடியது, ஓடர் கூடியதால் சாயம் கூடியது. நான் போத்தலை மாற்றாமல் இருந்திருந்தால் இரண்டு மூன்று கெட்ட முடிவு வந்திருக்கும், மருந்தின் அளவைச் சரிசெய்திருப்பார்கள், அந்தத் தொட்டி வேலை செய்திருக்கும்.

மோட்டர் நின்றதை முதலில் கவனித்தது லயத்தில் இருந்த பவளம், உன் பெரியம்மா. ஆலைக்குக் கீழே தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். லயத்துப் பீலிக் குழாய்க்குத் தண்ணீர் அந்த ஓடையிலிருந்துதான் வரும். பள்ளிக்கூட லீவுக்கு நீ அங்கேதான் இருப்பாய், அவள்தான் பீலியில் உன் தலையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து காலை நீட்டிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே தோல் வெடித்து நீர் வடிந்தது. "தம்பி, மோட்டர் சத்தம் கேக்கிறதில்லையே. தண்ணி வேற ஒரு மாதிரி வழுக்குது. நீங்கதானே கொண்டு போறீங்க, அங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். நான் எழுந்து அலுமாரியைத் திறந்து, ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வந்து அவளிடம் காட்டினேன். "சுத்தம்னுதான் போட்டிருக்கு அக்கா" என்றேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. முத்திரையைத் தடவிப் பார்த்தாள். "அப்ப அட்டை கடிச்ச புண்ணா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். தெரியாதவர்களிடம் பொய் சொன்னதைப் பயம் என்று சொல்லலாம். என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து புண்ணைக் காட்டியவளிடம் சொன்னதற்கு நான் என்ன பேர் வைப்பது? இரண்டு வருஷத்தில் அவளால் மலையில் ஏறிக் கொழுந்து எடுக்க முடியவில்லை. தோட்டத்தில் அவள் பேரை வெட்டினார்கள். இன்றைக்கும் அதே லயத்தில், அதே பீலியில்தான் இருக்கிறாள். உன் அறிக்கை சரியென்று வந்தால் வாங்குகிறவர்கள் இன்னும் சாயத் தொட்டிகள் வைக்கப் போகிறார்கள் என்று நீயே சொன்னாய்.

மெனேஜருக்குத் தெரியுமா என்று நீ கேட்டாய். கேட்டுக்கொள். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். போத்தல்களைச் சுனில் லொறியில் கொண்டுபோனான். பாலத்தடியில் அவனை நிறுத்தவும் இல்லை, கையசைத்து அனுப்பிவிட்டார்கள். அவன் கொண்டுபோனது உண்மையான தண்ணீர். முடிவு வந்த அன்றைக்கு மெனேஜர் எங்கள் வீட்டுக்கு ஜீப்பில் வந்தார். வாழ்க்கையில் ஒருமுறைதான் வந்தார். ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றும் தோடம்பழமும் கொண்டுவந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "சுனில் சரிவரல. உன் கைதான் ராசியான கை. காய்ச்சல் விட்டதும் நீயே ஒருதடவை கொண்டுபோய்க் கொடுத்துடு" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சுனில் கொண்டுபோன தாள் எந்தப் பைலிலும் இல்லை, நீ தேடிப் பார். நான் எழுந்து போனேன். நானா கடைக் குழாயில் பிடித்துக்கொண்டு போனேன். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவே இல்லை. பயந்தவன் ஒருவனைத் தெரிந்தெடுத்து ஒரு வழியால் அனுப்பினார், அவ்வளவுதான். வழக்கு என்று போனால் அவர் கை சுத்தம், குற்றவாளி நான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உன்னிடம் போனில் சொல்லவில்லை. சமாதானம் என்று சொல்லிச் சில வருஷம் ரோட்டெல்லாம் திறந்திருந்ததே, பாலத்தடியில் சிப்பாயும் இல்லை, மணல் மூட்டையும் இல்லை. என் பையை யாரும் திறக்கவில்லை. அந்த வருஷங்களிலும் நான் ஒவ்வொரு மாதமும் நானா கடைக்குப் பின்னால் போனேன். நானா பகிடி பண்ணுவதை அப்போது நிறுத்தியிருந்தார். ஒருதடவை மட்டும், "இப்ப என்னத்துக்குத் தம்பி?" என்று கேட்டார். நான் குழாயைத் திறந்தேன். இரண்டு ஷிப்டில் எனக்கு மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. நீ கண்டியில் டியூஷன் போய்க்கொண்டிருந்தாய், பிறகு கெம்பஸ். நீ படித்த விஞ்ஞானத்தை நான் எந்தத் தண்ணீரில் வாங்கினேன் என்று இப்போது உனக்குத் தெரியும். உன்னைக் குத்துவதற்காக இதை எழுதவில்லை. பயம் போனபிறகும் பொய் போகவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அது அதற்குள் பழக்கமாகி, சம்பளமாகி, மகனாகி விட்டிருந்தது.

அதனால்தான் எனக்கு உன் டிரெக்டர்மேலும் சந்தேகம். உன் ஒபிசில் இத்தனை பேர் இருக்க இந்த ஆலையின் பைலை உன்னிடம் ஏன் கொடுத்தார்கள்? திகனைப் பக்கம் உனக்குத் தெரியும் என்பதற்காகவா? ஒவ்வொரு தாளிலும் இருக்கிற கையெழுத்து யாருடையது என்று கொடுக்கும்போது அவர்களுக்குத் தெரியாது என்று நம்புகிறாயா? மெனேஜர் என்னைத் தெரிந்தெடுத்தது நான் பயப்படுவேன் என்று. உன்னைத் தெரிந்தெடுத்தது நீ அப்பனைக் காட்டிக்கொடுக்க மாட்டாய் என்று. நான் பிழையாக நினைக்கலாம். ஆனால் ஒருமுறை சந்தேகப்படாமல் இருந்ததற்கு ஒருத்தியின் கால் போயிருக்கிறது.

என்னைக் காட்டிக்கொடு. எனக்கு ஒன்றும் இல்லை. வயது போய்விட்டது, வேலையும் போய்விட்டது. அறிவிக்காமல் ஒருநாள் போ, கறுப்புப் போடுகிற நாளாகப் பார்த்துப் போ. தொட்டியின் வாயில் நீயே குனிந்து போத்தலைப் பிடி. நீயே கொண்டுபோ. பாலத்தடியில் மறுபடியும் செக்பொயின்ட் போட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். உன் பேரும் தமிழ்ப் பேர்தான். நான் பத்து வருஷம் செய்யாததை உன்னைச் செய்யச் சொல்கிறேன், அது நியாயமில்லை என்றும் தெரியும். உன் அம்மா இதை வாசித்தால் என்னோடு பேச மாட்டாள். ஆனாலும் சொல்கிறேன், போ.

போன கிழமை மறுபடி உன்னோடு பேசினேன். நீ ஒரு மாதிரி அலுப்போடு சொன்னாய்: "அப்பா, பழையத விடுங்க. நாங்க புதுசா தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணிட்டோம். மூணு போத்தலும் சுத்தம்."

"நீ போய் எடுத்தியா?" என்றேன்.

"நான் எதுக்கு? பெக்டரியிலிருந்து ஆள் கொண்டுவந்து கொடுத்தாரு."

"எதுல வந்தாரு?"

"பஸ்லதான் போல."

"அவரு பேரு என்ன?"

பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். மீட்டிங் இருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்றாய். எடுக்கவில்லை. நான் நாலு தரம் எடுத்தேன், மணி அடித்து அடித்து நிற்கிறது.

மாதிரி கொண்டுவந்தவர் என்று தாளில் ஒரு வரி இருக்கும். பத்து வருஷம் என் பேர் இருந்த வரி. அந்த ஆலையில் வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிங்களவர்கள், லொறி தினமும் ஓடுகிறது. இருந்தும் ஒருவனைப் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாள் இப்போது உன் மேசையில் இருக்கிறது. எடுத்துப் பார்த்துச் சொல், மகன். போத்தலைக் கொண்டுவந்தவனின் பேர் என்ன?